பொம்பளைங்க போர்ல விமானம் ஓட்டுனது நெசமா, பேப்பர்ல படம் போடறதுக்கா? ப்ளஸ் டூ படிக்கிற பொண்ணு கேட்ட கேள்விக்கு என்ற பதில்

கோபி பக்கத்துல இருந்து ப்ளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு கேட்டிருக்குது. ஏர்ஃபோர்ஸ்ல பைலட் ஆகோணும்னு ஆசை, ஆனா வீட்டுக்கு வந்த ஒறம்பரைல மாமா ஒருத்தரு "பொம்பளைங்க போர்ல விமானம் ஓட்டுனதெல்லாம் பேப்பர்ல படம் போடறதுக்கு, நெசமா சண்டைன்னு வந்தா ஆம்பளைங்களைத்தான் அனுப்புவாங்க, எதிரிகிட்ட மாட்டுனா என்ன ஆகும்னு யோசிச்சியா"ன்னு கேட்டுட்டாராம், இது உண்மையான்னு தெரியோணும்ங்குது. கண்ணு, மேலோட்டமா பாத்தா இது வரலாறு கேள்வி, ஆனா நீ நெசமா கேக்கறது நான் உள்ள போனா என்னைய நம்பி வேலை குடுப்பாங்களா இல்ல காட்சிக்கு நிறுத்திருவாங்களான்னுதான். ரெண்டுக்கும் பதில் சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுமையா படி.

நான் எங்க நின்னு பேசறேன்னு முதல்லயே சொல்லிடறேன். எனக்கு பல்லடம் பக்கம் ஊரு, நானும் பொம்பளைதான், மெக்கானிக்கல் முடிச்சுட்டு ஏர்ஃபோர்ஸ்ல ஷார்ட் சர்வீஸ்ல டெக்னிக்கல் ஆபீசரா இருந்தேன், இப்ப கோயம்புத்தூர்ல காலேஜ்ல பாடம் எடுக்கறேன். நான் பைலட் கிடையாது. இன்ஜின், குண்டு ஏத்தறது, சர்வீசிங், இதுல கை அழுக்கான அனுபவத்துல பேசுவேன், காக்பிட்ல உக்காந்தா எப்படி இருக்கும்ங்கறத பைலட்டுங்க சொல்லி கேட்டதுதான். பழைய போர்களைப் பத்தி சொல்றது வருஷக்கணக்கா படிச்சு சேர்த்தது, அதுல எது உறுதி, எது இன்னும் ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிட்டு இருக்கற விஷயம்னு பிரிச்சே சொல்றேன்.

சுருக்கமான பதில்: உன்ற மாமா சொன்னது தப்பு. ஓட்டுனாங்க, குண்டு போட்டாங்க, எதிரி விமானத்தை சுட்டு விழுத்தாட்டுனாங்க, செத்தும் போனாங்க. ஆனா அவரு பேச்சுல ஒரு கால்வாசி உண்மை ஒளிஞ்சிருக்குது, அதையும் மறைக்கக்கூடாது. நிறைய நாடுகள்ல ஆள் பத்தாம போனப்ப பொம்பளைங்களை கூப்பிட்டாங்க, போர் முடிஞ்சதும் வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. திறமை இருக்குதான்னு பாத்து கதவைத் திறக்கல, தேவை வந்துச்சு திறந்தாங்க, தேவை போச்சு சாத்துனாங்க. இத மனசுல வச்சுட்டு மிச்சத்தைப் படி.

முதல்ல ரஷ்யா, ரெண்டாம் உலகப்போர் காலம். மரினா ரஸ்கோவான்னு ஒரு அம்மா, நேவிகேட்டர், அதாவது விமானத்துல வழி பாத்துச் சொல்றவங்க. 1938ல வாலன்டினா கிரிஸோதுபோவா, போலினா ஓசிபென்கோன்னு இன்னும் ரெண்டு பேரோட மாஸ்கோல இருந்து நாட்டோட கிழக்குக் கோடி வரைக்கும் நிக்காம பறந்தாங்க. கடைசில எரிபொருள் தீர்ந்து தரையிறங்க வேண்டிய நிலைமை, முன்னாடி கண்ணாடி மூக்குல உக்காந்திருந்த ரஸ்கோவா மோதுனா பொழைக்க முடியாதுன்னு பாராசூட்ல குதிச்சு, காட்டுக்குள்ள 10 நாள் தனியா அலைஞ்சு விமானத்தைத் தேடி வந்து சேர்ந்தாங்க. மூணு பேருக்கும் சோவியத் யூனியன் வீரர் பட்டம் கிடைச்சுது, அந்த நாட்டோட மிக உயர்ந்த பட்டம் அது. 1941ல ஜெர்மனி உள்ள புகுந்தப்ப ஏற்கனவே ஃப்ளையிங் கிளப்ல பறக்கக் கத்துட்டிருந்த பொண்ணுங்க கூட்டம் கூட்டமா நாங்களும் போறோம்னு கேட்டாங்க, ரஸ்கோவா தன்ற பேர் செல்வாக்கை வச்சு மேல வரைக்கும் போய் பேசி, 1941 அக்டோபர்ல உத்தரவு வாங்கிட்டாங்க. மூணு ரெஜிமென்ட், அதாவது படைப்பிரிவு: 586 ஃபைட்டர், 587 பாம்பர், 588 ராத்திரி குண்டு போடற ரெஜிமென்ட். வோல்கா ஆத்தங்கரைல ஏங்கெல்ஸ்ங்கற ஊர்ல வருஷக்கணக்குல சொல்லித்தர்றத மாசக்கணக்குல சுருக்கி சொல்லிக் குடுத்தாங்க. ரஸ்கோவா 1943 ஜனவரி 4ந்தேதி மோசமான வானிலைல விமானம் மோதி செத்துப்போனாங்க, போர் முடியறத பாக்கல.

இதுல எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கம் 588. பிற்பாடு 46வது கார்ட்ஸ் ரெஜிமென்ட்னு பேர் மாத்துனாங்க, கமாண்டர் யெவ்தோகியா பெர்ஷான்ஸ்காயா. இவங்களுக்கு குடுத்த விமானம் போ-2. கட்டையும் துணியும் வச்சு செஞ்ச ரெண்டடுக்கு ரெக்கை, திறந்த காக்பிட், 5 சிலிண்டர் இன்ஜின், சுமார் 100 குதிரைத்திறன். பயிற்சிக்கும் வயல்ல மருந்தடிக்கவும் செஞ்ச விமானம் அது. உச்ச வேகமே மணிக்கு 150 கிலோமீட்டர் பக்கம்தான், நம்ம எல் அண்ட் டி பைபாஸ்ல ராத்திரி நேரத்துல சில காருங்க போற வேகத்தோட பெருசா வித்தியாசமில்ல. பகல்ல இதை மேல ஏத்துனா திரும்பி வராது, அதனால ராத்திரி மட்டும். குண்டு கொஞ்சந்தான் தூக்கும், அதனால ஒரு ராத்திரில 8 தடவை, 10 தடவைன்னு போய் போய் வந்தாங்க. ஜெர்மன் சிப்பாய்களை தூங்கவே விடறதில்ல, அதுதான் வேலையே. ராத்திரி சூனியக்காரிங்கன்னு எதிராளி வச்ச பேரு அப்படியே நின்னு போச்சு.

இந்த ரெஜிமென்ட்ல பைலட், நேவிகேட்டர் மட்டுமில்ல, மெக்கானிக், குண்டு மாட்டறவங்க, ஆபீஸ் வேலை வரைக்கும் முழுக்க பொம்பளைங்க. மத்த ரெண்டு ரெஜிமென்ட்லயும் ஆம்பளைங்க கலந்துட்டாங்க, இது மட்டும் கடைசி வரைக்கும் அப்படியே இருந்துச்சு. நான் கிரவுண்ட் க்ரூ ஆளுங்கறதால இங்க கொஞ்சம் நின்னு சொல்றேன். ஒரு விமானம் வந்து இறங்கி, பெட்ரோல் ஊத்தி, குண்டு மாட்டி, மறுபடி கிளம்பற நேரத்தை நாங்க டர்ன் அரவுண்ட்னு சொல்வோம். வழக்கமா ஒரு விமானத்துக்கு ஒரு மெக்கானிக்குன்னு பொறுப்பு குடுப்பாங்க. அந்தப் பொண்ணுங்க அந்த விதியை ஓரம் கட்டிட்டு, இறங்கறத வரவேத்து நிறுத்தறவங்க தனி, பெட்ரோல் போடறவங்க தனி, குண்டு மாட்டறவங்க தனின்னு வேலையைப் பிரிச்சு, எந்த விமானம் வந்தாலும் கைக்கு வந்தவங்க பாக்கறதுன்னு மாத்திட்டாங்க, சில நிமிஷத்துல விமானம் திரும்ப மேல போயிரும். ஹேங்கர்ல வேலை பாத்த யாரையும் கேட்டுப் பாரு, இந்த மாதிரி முறையை மாத்தறதுக்கு எவ்வளவு தைரியமும் ஒழுங்கும் வேணும்னு சொல்வாங்க, ஏன்னா தப்பு நடந்தா யார் பொறுப்புங்கற கேள்வி வரும். குண்டு மாட்டறவங்க பாதிப்பேரு 20 வயசு கூட ஆகாத புள்ளைங்க, ராத்திரிக்கு டன் கணக்குல கையால தூக்கி மாட்டறாங்க, அதுவும் ரஷ்யா குளிர்ல, இருட்டுல, கையுறை போட்டுட்டு ஃபியூஸ் திருக முடியாதுன்னு கழட்டி வச்சுட்டு வெறுங்கையால. பொம்பளைங்களுக்கு பாரம் தூக்க வராதுன்னு யாராச்சும் சொன்னா நான் இவங்களைத்தான் சொல்வேன். அதுக்கு ரஷ்யா வரைக்கும் போகோணும்னு கூட இல்ல, நம்மூரு மில்லுலயும் செங்கச் சூளைலயும் தூக்காத பாரமா.

பைலட்டுங்க பெரும்பாலும் பாராசூட் இல்லாமத்தான் பறந்தாங்க, அந்த எடைக்கு இன்னொரு குண்டு கொண்டு போலாம்னு, 1944 வரைக்கும் இப்படித்தான். 1943 ஜூலை 31 ராத்திரி ஜெர்மன்காரங்க ராத்திரில வேட்டையாடற ஃபைட்டர் விமானம் ஒண்ணை அனுப்பி வரிசையா 4 போ-2 விமானத்தை எரிச்சாங்க, 8 பொண்ணுங்க ஒரே ராத்திரில போயிட்டாங்க. பின்னால வரிசைல வந்துட்டிருந்தவங்க முன்னால போறவங்க எரியறத கண்ணால பாத்துட்டுத்தான் பறந்திருக்கறாங்க. யெவ்கேனியா ருத்னேவான்னு ஒரு நேவிகேட்டர், மாஸ்கோ பல்கலைக்கழகத்துல வானவியல் படிச்சுட்டிருந்த புள்ள, 1944 ஏப்ரல்ல கெர்ச் பக்கத்துல செத்துப்போச்சு. இந்த ரெஜிமென்ட்ல 23 பேருக்கு சோவியத் யூனியன் வீரர் பட்டம். பேப்பர்ல படம் போடறதுக்காக யாரும் 3 வருஷம் இப்படி ராத்திரி ராத்திரி சாவ மாட்டாங்க கண்ணு, இதுக்கு மேல உன்ற மாமாவுக்கு என்ன ஆதாரம் வேணும்.

இவங்களைப் பத்தி சுத்தற கதைகள்ல எல்லாமே நம்பற மாதிரி இல்லைங்கறதையும் சொல்லோணும். மொத்தம் எத்தனை சார்ட்டி, அதாவது எத்தனை தடவை குண்டு போடப் பறந்தாங்கங்கறதுக்கு 23,000ங்கறாங்க, 24,000ங்கறாங்க, அந்த அளவு வித்தியாசம் பெருசில்ல. ஆனா இவங்க விமானம் ஒண்ணை விழுத்தாட்டுனா ஜெர்மன் பைலட்டுக்கு உடனே அயர்ன் கிராஸ் மெடல்னு ஒரு கதை எல்லா வீடியோலயும் வருது பாரு, அதுக்கு உறுதியான ஆவணம்னு யாரும் காட்டுன மாதிரி இல்ல. அதே மாதிரி இன்ஜினை முழுசா ஆஃப் பண்ணிட்டு சத்தமில்லாம வந்து குண்டு போட்டாங்கன்னு எழுதறாங்க. இன்ஜின் ஆளா எனக்கு இது இடிக்குது. அந்த இன்ஜினை தரையிலயே ஆள் நின்னு கையால ப்ரொப்பெல்லரை சுத்தித்தான் ஸ்டார்ட் பண்ணுவாங்க, எதிரி தலைக்கு மேல தாழ்வா பறக்கறப்ப நிறுத்திட்டு திரும்ப வருமா வராதான்னு யாரும் விளையாட மாட்டாங்க, த்ராட்டிலை இழுத்து ஐடிலுக்கு கொண்டு வந்து சறுக்கி இறங்கியிருப்பாங்க, அதுவே போதும், காத்து ரெக்கைக் கம்பில உரசற சத்தம் மட்டும் கேக்கும்.

ஃபைட்டர்ல லிதியா லித்வியாக் பேரு நிறைய கேட்டிருப்ப. 1943 ஆகஸ்ட் 1ந்தேதி பறந்து போனவ திரும்பல, 22 வயசு ஆக இன்னும் சில நாள்தான் இருந்துச்சு. எத்தனை விமானம் விழுத்தாட்டுனாங்கறதுல 12ன்னும் சொல்றாங்க, 5ன்னும் சொல்றாங்க, போர்க்காலக் கணக்கு எல்லா நாட்டுலயும் இப்படித்தான், ஆம்பளை பைலட்டுங்க கணக்கும் இதே கதிதான். அவளுக்கு வீரர் பட்டம் குடுக்க 1990 ஆயிருச்சு, உடம்பு கிடைக்காததால பிடிபட்டிருப்பாளோங்கற சந்தேகம் அத்தனை வருஷம் ஒட்டிட்டு இருந்துச்சு. போர் முடிஞ்சு 1945லயே 46வது ரெஜிமென்டைக் கலைச்சுட்டாங்க.

அடுத்தது பிரிட்டன். அங்க சண்டைக்கு அனுப்பல, ஃபேக்டரில இருந்து தளத்துக்கு விமானம் கொண்டு போய் சேக்கற ஏர் ட்ரான்ஸ்போர்ட் ஆக்ஸிலரின்னு ஒரு அமைப்பு. 1940 ஜனவரில பாலின் கவர் தலைமைல 8 பெண் பைலட்டுங்களோட ஆரம்பிச்சு, கடைசில 160 பேருக்கு மேல வந்துட்டாங்க. ஸ்பிட்ஃபயர்ல இருந்து நாலு இன்ஜின் பாம்பர் வரைக்கும் ஓட்டுனாங்க, நாலு இன்ஜினுக்கு முதல்ல தகுதி வாங்குன பொம்பளை லெட்டிஸ் கர்டிஸ். காலைல போனா இன்னைக்கு என்ன விமானம்னே தெரியாது, இதுவரைக்கும் ஏறாத மாடலா இருந்தா சட்டைப்பைல வைக்கற சின்ன குறிப்புப் புத்தகத்தை புரட்டிட்டு ஏறி உக்காந்துக்கோணும், ரேடியோ கிடையாது, மேகம் வந்தா கண்ணு மட்டுந்தான் துணை. ஆஸ்திரேலியா வரைக்கும் தனியா பறந்து பேர் வாங்குன ஏமி ஜான்சனே 1941 ஜனவரில இந்த வேலைலதான் தேம்ஸ் முகத்துவாரத்துல விழுந்து செத்தாங்க. ஆம்பளைங்களை விட 20 சதவீதம் கம்மியா சம்பளம் வாங்கிட்டு இருந்தவங்களுக்கு 1943ல சம சம்பளம் கிடைச்சுது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்.

பறக்காமலே போரை மாத்துன ஒரு பொம்பளையையும் சொல்லாம போனா எனக்கு மனசு ஒப்பாது. பியாட்ரிஸ் ஷில்லிங், ஃபார்ன்பரோ ஆராய்ச்சி நிலையத்துல இன்ஜினியர், மோட்டார்சைக்கிள் ரேஸ் ஓட்டுனவங்க. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் ரெண்டுலயும் இருந்த மெர்லின் இன்ஜின்ல ஒரு கோளாறு, பைலட் மூக்கைத் திடீர்னு கீழ தள்ளி டைவ் அடிச்சா கார்புரேட்டர்ல பெட்ரோல் மேல எத்தி முதல்ல இன்ஜின் திணறும், அப்பறம் பெட்ரோல் அளவுக்கு மேல வழிஞ்சு மூச்சு முட்டி நின்னே போகும். ஜெர்மன் விமானத்துல பெட்ரோலை நேரா இன்ஜெக்ட் பண்ற முறை, அதனால அவன் சாதாரணமா டைவ் அடிச்சுத் தப்பிச்சுப் போயிருவான், துரத்துற பிரிட்டிஷ் பைலட் இன்ஜின் இல்லாம முழிச்சுட்டு நிப்பான். ஷில்லிங் பித்தளைல நடுவுல அளவெடுத்து ஓட்டை போட்ட ஒரு சின்ன பாகம் செஞ்சாங்க, இன்ஜின் முழு சக்திக்கு எவ்வளவு பெட்ரோல் வேணுமோ அதுக்கு மேல போக விடாத அளவு. அதை மாட்டறதுக்கு விமானத்தைக் கழட்டிப் போட்டு நாள்கணக்கா நிறுத்த வேண்டியதில்ல. 1941ல தளம் தளமா போய் மாட்ட வச்சாங்க. முழுத் தீர்வு இல்ல, ஆனா வேற கார்புரேட்டர் வர்ற வரைக்கும் உயிர் காப்பாத்துச்சு. என்ற க்ளாஸ்ல கார்புரேட்டர் பாடம் வர்றப்ப இதைச் சொல்லாம நான் தாண்டறதில்ல, பம்பு செட்டும் லேத்தும் பாத்து வளர்ந்த கோயம்புத்தூர் புள்ளைங்களுக்கு இது சட்டுனு பிடிபட்டிரும்.

அமெரிக்கா கதைதான் எனக்கு இன்னும் கோவம் வர வைக்கறது. வாஸ்ப்னு கூப்பிடற பெண் பைலட் அமைப்பு, ஜாக்குலின் காக்ரன், நான்சி லவ் ரெண்டு பேரும் முன்னால நின்னு நடத்துனது. 25,000 பேர் விண்ணப்பம் போட்டு, டெக்ஸஸ்ல ஸ்வீட்வாட்டர்ங்கற ஊர்ல பயிற்சி முடிச்சு வெளிய வந்தது 1,074 பேர். விமானம் கொண்டு போய் சேத்தாங்க, ரிப்பேர் முடிஞ்ச விமானத்தை டெஸ்ட் பண்ணாங்க, இன்னொண்ணு கேளு, தரைல இருக்கற பீரங்கிக்காரங்க குறி பாத்துப் பழகறதுக்காக துணி டார்கெட்டை கயித்துல கட்டி இழுத்துட்டுப் பறந்தாங்க, சுடறது நெசக் குண்டு, சுடறவன் இப்பத்தான் கத்துக்கறவன். 38 பேர் செத்தாங்க. ஆனா காகிதத்துல அவங்க சிவிலியன், ராணுவம் கிடையாது. அதனால செத்தா உடம்பை ஊருக்கு அனுப்ப அரசாங்கக் காசு இல்ல, கூட இருந்த பொண்ணுங்க பிரிச்சுப் போட்டு அனுப்புனாங்க, சவப்பெட்டி மேல கொடி போடறதுக்கு உரிமை இல்ல. 1944 டிசம்பர் 20ந்தேதி அமைப்பையே மூடிட்டாங்க. ஆம்பளை பைலட்டுங்க போதுமான அளவு இருந்தாங்க, அவ்வளவுதான் காரணம். முன்னாள் படைவீரர்னு ஒத்துக்க 1977 ஆச்சு, காங்கிரஸ் தங்கப் பதக்கம் கைக்கு வந்தது 2010ல. நடுவுல அமெரிக்க விமானப்படைல பொண்ணுங்க மறுபடி பைலட் பயிற்சிக்கு போனது 1976ல. 30 வருஷத்துக்கு மேல கதவு சாத்தியே இருந்துச்சு, அந்த 30 வருஷமும் இவங்க ஓட்டுனதுக்கு ரெக்கார்டு எல்லாம் அலமாரில இருந்துச்சு.

அதே 1944ல நடந்தது இது: பி-29ன்னு புது பாம்பர், இன்ஜின் அடிக்கடி சூடேறி தீப்பிடிக்கும், ஆம்பளை பைலட்டுங்களே ஓட்டத் தயங்குனாங்க. பிற்பாடு ஹிரோஷிமாவுக்கு போன பால் டிப்பெட்ஸ்தான் அப்ப அந்தப் பயிற்சியைப் பாத்துட்டிருந்தாரு. வாஸ்ப்ல இருந்து ரெண்டு பொண்ணுங்களை எடுத்து சில நாள்ல சொல்லிக் குடுத்து, தளம் தளமா ஓட்டிக் காட்ட வச்சாரு. பயம் போச்சு, வேலை முடிஞ்சுது, அதோட அந்த ரெண்டு பேரையும் நிறுத்திட்டாங்க. உன்ற மாமா சொன்ன "காட்டறதுக்கு" இது வேணா பொருந்தும், ஆனா காட்டுனது என்ன? அந்த விமானத்தை ஒழுங்கா ஓட்ட முடியும்ங்கறத, ஓட்டியே காட்டுனாங்க.

விமானப்படைன்னா பைலட் மட்டும்னு நினைச்சுக்காத. 1940ல லண்டன் மேல ஜெர்மன் விமானம் கூட்டமா வந்தப்ப ரேடார் திரை முன்னால உக்காந்தது, மேஜை மேல வரைபடத்துல எதிரி எங்க வர்றான்னு நகர்த்துனது நிறையப்பேரு பிரிட்டிஷ் விமானப்படையோட பெண்கள் பிரிவு. பிக்கின் ஹில் தளத்துல குண்டு விழறப்ப போனை விட்டு நகராம இருந்த 3 பொண்ணுங்களுக்கு மிலிட்டரி மெடல் குடுத்தாங்க. அதே பிரிவுல ரேடியோ ஆபரேட்டரா சேந்தவங்கதான் நூர் இனாயத் கான், திப்பு சுல்தான் வம்சம். திப்பு பேரு நம்ம கொங்கு மண்ணுக்கு புதுசில்ல, தீரன் சின்னமலை அவரோட நின்னு சண்டை போட்டவரு. நூர் 1943 ஜூன்ல ரகசிய ரேடியோ ஆபரேட்டரா பிரான்சுக்குள்ள இறங்கி, கூட்டாளிங்க வரிசையா பிடிபட்ட பிறகும் திரும்பி வர மறுத்து பாரிஸ்ல இருந்து தகவல் அனுப்பிட்டே இருந்தாங்க. காட்டிக் குடுத்து பிடிச்சாங்க, 1944 செப்டம்பர் 13ந்தேதி டகாவ் முகாம்ல சுட்டுக் கொன்னாங்க. 1949ல ஜார்ஜ் கிராஸ் பதக்கம் குடுத்தாங்க.

பெருமை மட்டும் சொல்லிட்டுப் போனா அது நேர்மையில்ல. துருக்கில சபிஹா கோக்சென்னு ஒருத்தங்க, உலகத்தோட முதல் பெண் போர் விமானின்னு எல்லா இடத்துலயும் எழுதுவாங்க. அவங்க 1937ல குண்டு போட்டது தெர்சிம்ங்கற பகுதில, சொந்த நாட்டு மக்கள் மேல, அந்த நடவடிக்கைல ஆயிரக்கணக்குல சாதாரண சனங்க செத்தாங்க. பொம்பளை ஓட்டுனாங்கறதுக்காக அந்தக் குண்டு நல்ல குண்டு ஆகிறாது. இந்த வேலைக்குப் போறப்ப எங்க அனுப்புவாங்கன்னு நீ முடிவு பண்ண மாட்டேங்கறத இப்பவே தெரிஞ்சுக்கறது நல்லது.

மாட்டுனா என்ன ஆகும்னு மாமா கேட்டது நியாயமான கேள்விதான், கேலி பண்ணி ஒதுக்க மாட்டேன். அன்னா யெகோரோவா, இல்-2ங்கற தாக்குதல் விமானம் ஓட்டுனவங்க, 1944 ஆகஸ்ட்ல சுட்டு விழுந்து, உடம்பெல்லாம் தீக்காயத்தோட ஜெர்மன் முகாம்ல கிடந்தாங்க, கூட இருந்த கைதிங்கதான் காப்பாத்துனாங்க. வெளிய வந்த பிறகு சொந்த நாட்டு ஆளுங்களே துரோகியான்னு நாள்கணக்கா விசாரிச்சாங்க, பட்டம் 1965லதான் வந்துச்சு. 1991 வளைகுடாப் போர்ல அமெரிக்க ராணுவ டாக்டர் ரோண்டா கார்னம் போன ஹெலிகாப்டர் விழுந்து, ரெண்டு கையும் ஒடிஞ்ச நிலைமைல பிடிபட்டாங்க, பிடிச்சவன் ஒருத்தன் அத்துமீறவும் செஞ்சான். அவங்க அதை மறைக்கல, வெளிப்படையா சொன்னாங்க, அதுக்கப்பறமும் வேலைல இருந்து பிரிகேடியர் ஜெனரல் வரைக்கும் போனாங்க. ஆபத்து இல்லைன்னு நான் சொல்லல, ஆம்பளைக்கும் சித்திரவதை இருக்குது, பொம்பளைக்கு அதுக்கு மேலயும் இருக்குது. ஆனா அந்த ஆபத்தை ஏத்துக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது போறவங்க, ஒறம்பரை இல்ல.

நம்ம நாட்டுக்கு வரலாம். விமானப்படைல அதிகாரியா நுழைஞ்ச முதல் பொம்பளை நம்ம மெட்ராஸ்ல பொறந்த டாக்டர் விஜயலக்ஷ்மி ரமணன், 1955ல சேந்து 1979ல விங் கமாண்டரா ரிட்டையர் ஆனாங்க, 1962, 1965, 1971 போர்ல காயம்பட்டவங்களுக்கு வைத்தியம் பாத்தவங்க. இந்தப் பேரு நம்ம பாடப்புத்தகத்துல வரோணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆதங்கம். பைலட்னு பாத்தா 1994 செப்டம்பர் 2ந்தேதி ஹரிதா கவுர் தியோல் ஆவ்ரோ விமானத்தை தனியா ஓட்டுனது முதல், அந்தப் புள்ள 1996ல நெல்லூர் பக்கம் நடந்த விபத்துல போயிருச்சு. 1999 கார்கில்ல குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் ரெண்டு பேரும் சீட்டா ஹெலிகாப்டர் ஓட்டுனாங்க. சினிமா வந்த பிறகு ஒருத்தங்க பேரு மட்டும் ஊருக்குத் தெரியுது, ரெண்டு பேரும் போனாங்கங்கறத நீ ஞாபகம் வச்சுக்கோ. சீட்டால ஆயுதம் கிடையாது, மலை இடுக்குல காயம்பட்ட சிப்பாயை தூக்கறதும் எதிரி எங்க இருக்கறான்னு பாத்துச் சொல்றதும் வேலை. அதே போர்ல மே 28ந்தேதி நம்ம எம்ஐ-17 ஹெலிகாப்டர் ஒண்ணை தோள்ல வச்சு சுடற ஏவுகணைல அடிச்சு 4 பேர் செத்தாங்க, அப்படிப்பட்ட வானத்துலதான் இவங்க பறந்தது.

ஃபைட்டருக்கு கதவு திறந்தது 2015 அக்டோபர்ல, 2016 ஜூன் 18ந்தேதி அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் 3 பேரும் துண்டிகல் விமானப்படை அகாடமில பயிற்சி முடிச்சு வெளிய வந்தாங்க. முதல்ல சோதனை முயற்சின்னு வச்சிருந்தத 2022ல நிரந்தரம் ஆக்கிட்டாங்க. மோகனா சிங் 2024ல தேஜஸ் ஓட்டற 18வது ஸ்குவாட்ரன்ல இருந்தாங்க, அந்த ஸ்குவாட்ரன் தேஜஸோட மறுபடி ஆரம்பிச்சது நம்ம சூலூர்லதான், 2020ல. 2019 பிப்ரவரி 27ந்தேதி பாகிஸ்தான் விமானங்க வந்தப்ப நம்ம பைலட்டுங்களுக்கு ரேடார் பாத்து வழி சொன்ன கன்ட்ரோலர் மிண்ட்டி அகர்வால், யுத் சேவா பதக்கம் வாங்குன முதல் பொம்பளை. 1940ல பிக்கின் ஹில்ல அந்தப் பொண்ணுங்க பாத்த வேலையோட வாரிசு வேலைதான் அது. இதுல ஒண்ணு கவனி, மத்த நாட்டுல தலைக்கு மேல போர் வந்து ஆள் பத்தாம கதவைத் திறந்தாங்க. நம்ம நாட்டுல அமைதிக் காலத்துல, விதியா எழுதி, திறந்திருக்கறாங்க. தேவை தீர்ந்துச்சு போங்கன்னு சொல்றது இனி அவ்வளவு சுலபமில்ல, 1944ல அமெரிக்கால பண்ண மாதிரி ஒரு கடுதாசில மூடிட முடியாது.

நம்பி வேலை குடுப்பாங்களான்னு கேட்டேல்ல. ஒவ்வொரு விமானத்துக்கும் எஃப் 700ன்னு ஒரு புத்தகம் இருக்கும், என்ன வேலை பாத்தோம், யார் பாத்தாங்கன்னு கையெழுத்து போட்டாத்தான் பைலட் ஏறுவாரு. நான் போன புதுசுல என்ற கையெழுத்துக்கு மேல இன்னொருத்தரை ஒருக்கா பாத்துக்கச் சொன்னவங்க இருந்தாங்க, எந்த ஸ்டேஷன்னு சொல்லல. கவரால் எல்லாம் ஆம்பளை அளவு, எல்லா சைசும் வெட்டித் தர்ற திருப்பூர் பக்கத்துல இருந்து போய் கால் பகுதியை மடிச்சு தச்சுப் போட்டுட்டு ஹேங்கர்ல நடந்தேன், பாத்ரூமுக்கு வெகுதூரம் போகோணும். விமானத்துல ஒரு ஸ்னாக்கை, அதாவது கோளாறை, யாராலயும் கண்டுபிடிக்க முடியாம நான் கண்டுபிடிச்சு பேர் வாங்குனேன்னு கதை சொல்ல மாட்டேன், அப்படி ஒண்ணும் நடக்கல. தினமும் ஒழுங்கா வேலை பாத்தேன், கொஞ்ச நாள்ல கையெழுத்தை யாரும் திருப்பிப் பாக்கறதில்ல. முன்னால போனவங்க எத்தனை பேர் இருக்கறாங்கங்கறதைப் பொறுத்து அந்தக் கொஞ்ச நாள் குறையும், இப்ப போறவங்களுக்கு எங்களை விட கம்மியாத்தான் இருக்கும். அக்னிவீரா ஏர்மேன் வேலைக்கே பொண்ணுங்க 2023ல இருந்து வர்றாங்க.

பொம்பளை உடம்பு ஃபைட்டர் வேகமா திரும்பறப்ப உடம்பை அழுத்தற ஜி விசையைத் தாங்காதுன்னு இன்னொரு பேச்சு வரும். இதுல நான் டாக்டர் இல்ல, ஆனா சோதனை பண்ணிப் பாத்ததுல ஆம்பளை பொம்பளை சராசரில பெரிய வித்தியாசம் தெரியலைங்கறதுதான் பொதுவா வந்த முடிவு, ஆளுக்கு ஆள் மாறும், பயிற்சி, ஜி சூட், மூச்சு விடற முறை இதுதான் கணக்கு. நெசமான சிக்கல் வேற எடத்துல இருக்குது, பழைய காக்பிட் எல்லாம் ஆம்பளை உயரம், கை நீளம் வச்சு டிசைன் பண்ணது, கை கால் எட்டலைன்னா மெடிக்கல்ல நிறுத்திருவாங்க, உயரம் குறைஞ்ச ஆம்பளைக்கும் இதே கதிதான்.

இனி நீ பண்ண வேண்டியது. பொண்ணுங்களுக்கு என்டிஏ (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு 2021 நவம்பர்ல இருந்து திறந்திருக்குது, முதல் பேட்ச்ல 17 பேர் 2025 மே மாசம் வெளிய வந்துட்டாங்க. ஏர்ஃபோர்ஸுக்கு ப்ளஸ் டூல ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேக்ஸ் வேணும், வயசு பதினாறரைல இருந்து பத்தொன்பதரைக்குள்ள. ஃப்ளையிங்ல பொண்ணுங்களுக்கு எடம் ரொம்பக் கம்மி, கிடைக்கலைன்னா டிகிரி முடிச்சு ஏஎஃப்கேட்ங்கற விமானப்படை நுழைவுத் தேர்வு எழுதலாம், அந்த வழில நிறையப்பேரு போறாங்க. பைலட் செலக்ஷன்ல கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட் இருக்குது, சிபிஎஸ்எஸ்னு சொல்வாங்க, வாழ்க்கைல ஒரே தடவைதான், தவறுனா ஃப்ளையிங் கிடையாது, டெக்னிக்கல், கிரவுண்ட் ட்யூட்டிக்கு வழி இருக்கும். உயரம் 162.5 சென்டிமீட்டர் கேப்பாங்க, கால் நீளம், உக்காந்த உயரம் எல்லாம் அளப்பாங்க, நிறக்குருடு இருக்கக்கூடாது. விதி அப்பப்ப மாறும், அந்தந்த வருஷ அறிவிப்பை நீயே படி, யார் சொன்னாலும் நான் சொன்னாலும் சரி. கோயம்புத்தூர்ல கோச்சிங்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி கண்ணு டாக்டரைப் பாத்து பவரும் கலர் விஷனும் டெஸ்ட் பண்ணிட்டு, உயரத்தை ஒழுங்கா ஒருக்கா அளந்துட்டு வா, அதுல சரின்னா மேக்ஸ்ல எங்க சந்தேகம்னு கேளு, அதுக்கும் பதில் போடறேன்.